லண்டன் பப்பில் 'வெஜ்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை லண்டனில் ஒரு நல்ல பப்புக்குக் கூட்டிப்போய் சண்டே ரோஸ்ட் (ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும் ரோஸ்ட் இறைச்சி, உருளை, காய்கறித் தட்டு) வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலும் கட்டாயம் படியுங்கள்.

கேஸ்ட்ரோபப் என்றால் வெறும் பீர்க் கடை இல்லை. 1991-இல் ஃபேரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பப் நல்ல சமையலோடு நடக்க ஆரம்பித்த பிறகு பரவிய பாணி இது. மர மேசை, கரும்பலகையில் மெனு, கைக்குழந்தையோடு வரும் குடும்பங்கள். வயதானவர்களும் கூச்சமில்லாமல் உட்காரலாம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் அந்தத் தைரியத்தில்தான் வடக்கு லண்டனில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனோம்.

கேக்கில் இருக்கும் முட்டையை அம்மா கண்டுகொள்ள மாட்டார். மற்றபடி வாழ்நாளில் அசைவம் தொட்டதில்லை. ஆர்டர் எடுக்க வந்த பெண்ணிடம் அதைத் தெளிவாகவே சொன்னேன்: "இறைச்சி, மீன், மிருகக் கொழுப்பு எதுவும் கூடாது. நட் ரோஸ்ட் (இறைச்சிக்குப் பதிலாகக் கொட்டைகளை அரைத்துச் சுடுவது) இவருக்குச் சரியாக இருக்குமா?" "முழுக்க வெஜிடேரியன்தான், கவலையே வேண்டாம்" என்றார். மெனுவிலும் பக்கத்தில் 'வி' என்று போட்டிருந்தது. விலை 18 பவுண்ட்.

தட்டு வந்தது. அம்மாவுக்கு உருளைக்கிழங்குதான் ரொம்பப் பிடித்தது. மேல்தோல் கண்ணாடி மாதிரி மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. "எப்படிடீ இவ்வளவு முறுகலா வறுக்கிறாங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு கிண்ணம் தனியாகச் சொன்னோம். அதைக் கொண்டுவந்த பையன் மேசையில் வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னான்: "எங்கள் பீஃப் டிரிப்பிங் உருளை, இங்கே எல்லாரும் கேட்பது இதைத்தான்."

டிரிப்பிங் என்றால் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. அதை அடுப்பில் கொதிக்கக் காயவைத்து, அரைவேக்காட்டு உருளைக்கிழங்கைக் குலுக்கிப் போட்டு வறுப்பார்கள். அந்த முறுகல் அதனால்தான். அம்மாவின் தட்டில் இருந்ததும் அதே உருளைதானா என்று கேட்டேன். உள்ளே போய்விட்டு வந்து, "எல்லாம் ஒரே டிரேதான்" என்றான். அம்மாவின் தட்டில் அதற்குள் பாதிக்குமேல் காலி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தார். இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். சின்ன விஷயம் என்று இதைத் தள்ள என்னால் முடியவில்லை.

மேனேஜர் வந்தார். நட் ரோஸ்ட் வெஜிடேரியன்தானாம், 'வி' என்பது அதற்கு மட்டுமாம், கூட வைப்பவை எல்லா ரோஸ்ட்டுக்கும் பொதுவாம். வேண்டுமானால் ஒரு டெசர்ட் இலவசமாகத் தருகிறேன் என்றார். நான் கேட்ட கேள்விக்கும் அந்தப் பெண் தந்த பதிலுக்கும் அவரிடம் விளக்கமே இல்லை.

இதில் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைக் கட்டாயம் தர வேண்டும்: பால், முட்டை, வேர்க்கடலை, கடுகு, எள் என்று போகும் அந்தப் பட்டியல். மீன் அதில் உண்டு, மாட்டிறைச்சி இல்லை. அதனால் 'அலர்ஜன் ஃபோல்டரைக் காட்டுங்கள்' என்று கேட்டு வாங்கிப் பார்த்தாலும் மாட்டுக் கொழுப்பு அதில் தென்படாது. 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது. ஆகவே 'வெஜ்தானே?' என்று பொதுவாகக் கேட்டால் போதாது. உருளை எந்தக் கொழுப்பில் வறுத்தது, யார்க்‌ஷயர் புட்டிங் (ரோஸ்ட்டோடு வைக்கும் உப்பிய மாவுப் பண்டம்) மாவை எதில் ஊற்றுகிறார்கள், கிரேவி இறைச்சிச் சாற்றிலா, சிப்ஸ் எந்த எண்ணெயில், மீன் பொரித்த அதே எண்ணெயா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். பார்மசான் சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருளில் செய்வது, வூஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி வகை மீன் இருக்கும். அதிலும் கண்டிப்பானவர்கள் அவற்றையும் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் பில். நட் ரோஸ்ட்டுக்கு முழு விலை, மேலே 12.5% சர்வீஸ் சார்ஜ். என் கணவர் 'ஒரு கிளாஸ் ரெட் ஒயின்' என்றுதான் சொல்லியிருந்தார். வந்தது 250 மில்லி, அதாவது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. அளவு சொல்லாமல் கேட்டால் 125 மில்லியும் கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது இங்கே மது உரிமத்தின் நிபந்தனை. யாரும் சொல்லவில்லை. மெனுவில் 'விருப்பத்திற்கு உட்பட்டது' என்று போட்டிருந்த அந்த சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னதற்கு, 'சிஸ்டத்தில் தானாக வருகிறது' என்றார்கள். நான் விடவில்லை, கடைசியில் எடுத்தார்கள். கார்டு மெஷினை நீட்டியபோது அதிலும் டிப்ஸ் கேட்டு ஒரு திரை. பரிமாறுபவர் வயிற்றில் அடிக்கிறோமோ என்று தயங்குபவர்களுக்கு: 2024 அக்டோபர் முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சேவைக்கு மனமாரக் கொடுங்கள். ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும்.

நட் ரோஸ்ட் காசைத் திருப்பித் தரவே இல்லை. மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினேன். 20 பவுண்ட் வவுச்சர் தருகிறோம், மறுபடி வாருங்கள் என்று பதில். எனக்கு அது வேண்டாம். வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை விற்பது 1990-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி குற்றம். மெனுவின் படம், பில், அந்த மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து உள்ளூர் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133-ஐ அழையுங்கள், அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (நுகர்வோர் சட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் பிரிவு) அனுப்பிவைப்பார்கள். தட்டையும் மெனுவையும் அங்கேயே, மேசையை விட்டு எழுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை மெனுவை மறுநாள் அழித்துவிடுவார்கள்.