பங்கை விட்டுக்கொடுத்துப் பணம் வாங்கப் போகிறீர்களா? விடுதலைப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்

கூட்டுப் பட்டா நிலத்தில் தன் பங்கை உடன்பிறந்தவருக்கே கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் பெண்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அம்மாவை ஏமாற்றியது அவருடைய சொந்த அண்ணன்தான்.

தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி முன்பே இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர் கிணற்றுத் தோட்டம், அம்மாவுக்கும் இரண்டு மாமாக்களுக்கும் சமபங்கு. அம்மாவின் பங்கைத் தானே எடுத்துக்கொள்வதாகப் பெரிய மாமா சொன்னார். விலை மட்டும் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை ஒட்டி. ஊர் விலையில் அது பாதிகூட இல்லை. அம்மா தயங்கியதும், "என் கையெழுத்து இல்லாம உன் பங்கை ஒருத்தனும் வாங்க முடியாது, பாத்துக்கோ" என்றார். பத்திரம் எழுதுபவரும் ஆமாம் போட்டார்.

அது பொய். சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி பிரிக்காத பங்கையும் விற்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூட்டு வாரிசுக்குத் தருவது வாங்குவதில் முன்னுரிமை மட்டும்தான், விலை வைக்கும் உரிமை அல்ல. விலை ஒத்துவராவிட்டால் மனுப் போடலாம், கோர்ட் தீர்மானிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதெல்லாம் அன்று அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை.

அம்மா ஒப்புக்கொண்டார். அப்புறம் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பத்திரம். பதிவு நாளன்றுதான் கண்ணில் காட்டினார்கள், படிக்க நேரம் தரவில்லை. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று அதில் இருக்கிறது. கைக்கு வந்தது பாதிப் பணம். மீதியை வெங்காயம் எடுத்ததும் தருகிறேன் என்றார், இன்றுவரை தரவில்லை. அதைவிடக் கொடுமை, சொத்து விவரத்தில் பேச்சிலேயே வராத இன்னொரு சர்வே எண். ஊருக்குள் இருக்கும் களத்து இடம் அது!

பணம் வரவில்லை என்பதற்காக மட்டும் பதிவான பத்திரம் செல்லாமல் போகாது, ஒருதலையாக ரத்து செய்யவும் முடியாது என்கிறார் வக்கீல். பாக்கிக்கும் களத்து இடத்துக்கும் வழக்குத்தான் வழி. இரண்டுக்கும் மூன்று வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

வரைவை முன்கூட்டியே வாங்கி, உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், எதிர்த்தரப்பு கூட்டிவரும் ஆளிடம் வேண்டாம். சர்வே எண், விஸ்தீரணம் இரண்டையும் பட்டாவோடும், நான்கெல்லையைப் பழைய பத்திரத்தோடும் ஒப்பிடுங்கள். பணத்தை டிடியாக வாங்கி, அதன் எண்ணைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முழுப் பணமும் வராமல் பதிவுக்குப் போகாதீர்கள்.

நாங்கள் வழக்குப் போட்டுவிட்டோம். களத்து இடத்தின் பட்டாவை மாற்றக் கூடாது என்று தாசில்தாரிடம் ஆட்சேபணை மனுவும் கொடுத்திருக்கிறோம்.