பீட்டில்ஸா, குயீனா: பிள்ளைகளுக்கு முதலில் எது?

வியாசர்பாடியில் என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 12. கானா கேட்டு, பெஞ்சில் தாளம் போட்டு வளர்ந்தவர்கள். இங்கிலீஷ் பாட்டு என்றால் மட்டும் வார்த்தை புரியாது என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸ் அந்தப் பயத்தைப் போக்கும். 1967-இல் வந்த ‘ஹலோ, குட்பை’ பாட்டில் ஆமாம், இல்லை, நில், போ என்று எதிர்ச்சொற்களாகவே வரும். ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். பெரியவள் அன்றைக்கே கூடவே பாடினாள். சின்னவன் மட்டும் நடுவிலேயே எழுந்து போய்விட்டான்.

இன்னொரு இங்கிலாந்துக் குழுவான குயீன் விஷயம் வேறு. 1977-இல் வந்த ‘வி வில் ராக் யூ’ பாட்டை, கூட்டமும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றே குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே எழுதினார். இரண்டு மிதி, ஒரு கைத்தட்டல், மேலே குரல். கிதார் கடைசியில்தான் முழுசாக நுழையும். மாடிப்படியில் போனை வைத்துப் போட்டேன். இரண்டாவது சுற்றிலேயே சின்னவன் காலி பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து ‘தும் தும் டக்’ என்று சேர்ந்துகொண்டான். “மாமா, இன்னொரு தபா போடு!” குடத்தில் கானாவுக்கு அடித்த அதே கைதானே.

இன்னொன்றும் சொன்னேன்: பாடியவர் ஃப்ரெடி மெர்குரி, பார்சி வீட்டுப் பிள்ளை, மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதனால் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் குயீன்தான் போடுவேன். காது பழகியதும் பீட்டில்ஸ். அப்புறம் வார்த்தைகளை அவர்களே கேட்பார்கள்.