வடக்குக் கூரையில் ஆறு பனல்

கோண்டாவிலில் வீடு கட்டுகிற மச்சான் போன கிழமை போன் எடுத்து, "சோலர் எந்தப் பக்கம் போட்டால் நல்லம்?" என்று கேட்டான். கேட்ட நேரம் பிழை. பனலில் வருகிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டரைத் திருத்தின பெடியன் அப்பதான் வெளிக்கிட்டுப் போயிருந்தான்.

எங்கள் வீடு வடக்கு வாசல், அப்பா மனையடி பார்த்துக் கட்டினது. முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஓட்டுக்கூரை வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, 20 பாகைச் சரிவு. தெற்கில் தண்ணீர்த் தாங்கி நிற்பதால் எட்டுப் பனல்தான் கொண்டது. மிச்ச ஆறும் வடக்கே. "ஐயா, எங்கட ஊரில எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்டுதான். ரோட்டால போறவைக்கும் வடிவாத் தெரியும்" என்றார் பொருத்த வந்தவர்.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைகூட இல்லை. ஏப்ரல் நடுவிலும், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகிற ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்களுக்கு உச்சம் கொடுக்கும். அந்த நாட்களில் இரண்டு கூரைக்கும் ஒரே வெயில். இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்கால் விழும். ஆனியில் நண்பகல், சூரியனை நேரே பார்க்கிற பனலுக்கு 100 என்றால் வடக்குப் பனலுக்கு 99, தெற்குப் பனலுக்கு 83. பனலுக்குப் பனல் பார்த்தால், நான் திட்டித் தீர்த்த ஆறும் அப்போது மற்ற எட்டையும் வெல்லும். முதல் வருசம் இதை நம்பாமல் கூரையில் ஏறிக் கையால் நிழல் பிடித்துப் பார்த்தேன்.

மார்கழியில் கதை மாறும். தெற்குக்கு 97, வடக்குக்கு 60. மழைமுகில் மூடின நாளில் இரண்டும் ஒன்றுதான், வெளிச்சம் வானம் முழுக்கப் பரவி வரும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளில்தான் வயிறெரியும்.

இதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பெடியன் காட்டினது. பதினாலு பனலையும் ஒரே தொடராகக் கோத்திருக்கிறார்கள். ஒரே வயரில் ஓடுகிற கரண்ட் எல்லாப் பனலுக்கும் ஒன்றுதான். வடக்கு சோர்ந்தால் தெற்கும் அதன் அளவுக்கு இறங்க வேண்டும், அல்லது வடக்கைக் கழித்துவிட்டு ஓட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நட்டம். இதற்காகவே, இன்னொரு தொடரைத் தனியாகக் கொழுவ இன்வேட்டரில் இரண்டாவது வாசல் வைத்திருக்கிறார்கள். அது மூன்று வருசமாக மூடி கழற்றாமல் புதிதாகவே கிடந்தது! பெடியன் பிரித்துக் கொடுக்க ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், மூன்று வருசத்தில் ஒரு பனலும் பழுதில்லை. சோளகத்துப் புழுதியை மாரி மழையே கழுவிவிடுகிறது. பில்லைப் பார்த்து மனுசி சிரிக்கிறாள்.

மச்சான், உன்ர கூரை கிழக்கு மேற்காகச் சரிகிறதென்றால் கவலைப்படாதை. சரிவு குறைவாக இருந்தால் தெற்கை விடச் சில வீதம்தான் குறையும். காலையிலும் பின்னேரத்திலும் பரவலாக வரும். வேம்பின் நிழல் விழாமல் பார். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தொடர் கேள், கோக்கும்போது பக்கத்தில் நில்.

எனக்குப் பொருத்தினவர்களுக்கு ஐந்துக்கு இரண்டு. ஆனி மாதம் கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன்.