14 லீற்றர் இருக்க 'பெற்றோல் இல்லை' என்று கத்தும் ஸ்லெட்: நீண்ட ட்ரெயில் பயணத்துக்கு எடுக்கலாமா?

நண்பர் ஒருவர் வட ஒன்ராறியோவிலுள்ள கொக்ரேனில் டிரக்கை விட்டுவிட்டு ஹேர்ஸ்ற் வரை கிளப் ட்ரெயிலில், அதாவது கிளப்புகள் பராமரிக்கும் பனிப்பாதையில், போய்த் திரும்பத் திட்டம் போடுகிறார். போன வருட மொடல் நாலு ஸ்ரோக் ரூறிங் ஸ்லெட்டை (நீண்ட பயணத்துக்கான ஸ்னோமொபில்) விலை குறைத்து விற்கிறார்களாம். "உன்னட்டை இருக்கிறதும் அதுதானே, எடுக்கலாமோ?" என்று கேட்டிருந்தார். வேறு நேரமென்றால் ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். பெற்றோல் மீற்றரைத் திருத்தி எடுத்து, பில்லையும் கட்டிய கையோடு கேட்டுவிட்டார். அதனால் கொஞ்சம் நீளும். கம்பனிப் பெயர் சொல்லப் போவதில்லை. குதிரைவலு, எடை, ட்ரக்கின் (ஸ்லெட்டின் அடியில் சுற்றும் ரப்பர் பட்டை) நீளம் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. இங்கே வேண்டியது பெற்றோல் தாங்கி 40 லீற்றர் என்ற ஒரு விவரம்தான்.

நல்லதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மைனஸ் 30இலும் தட்டியவுடன் எஞ்சின் பிடித்துவிடும். இரண்டு ஸ்ரோக் மாதிரி ஒயில் போத்தல்களையும் சேர்த்துச் சுமக்கத் தேவையில்லை, உடுப்பில் புகை மணம் இல்லை. சாதாரண 87 ஒக்ரேன் பெற்றோல் போதும், எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். குறூமர் (பனியை இறுக்கிச் சமப்படுத்தும் வண்டி) ஓடிய சமதரையில் மணிக்கு 50இல் போனால் 100 கிலோமீற்றருக்கு 13 லீற்றர்தான் குடிக்கும். இருக்கை, காற்றுத் தடுப்பு, பெல்ற் எதிலும் குறை இல்லை. எஞ்சினுக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

இனிக் கரைச்சலுக்கு வருகிறேன். தாங்கியில் 14 லீற்றர் மிச்சம் இருக்கும்போதே பெற்றோல் முடிகிறது என்று கத்தத் தொடங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு! 13 லீற்றர் கணக்கில் இன்னும் 100 கிலோமீற்றர் ஓடலாம். ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். திரையின் நடுவே ஒரு மஞ்சள் பெட்டி வந்து, ஓடிய தூரம் காட்டும் எண்ணின் மேலேயே சரியாக உட்காரும். பெற்றோல் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்க அந்த நேரத்தில் உதவுகிற ஒரே எண் அதுதான். இடது கைபிடியிலுள்ள பட்டனை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி போகும். தடித்த கையுறையின் பெருவிரல் அதை மட்டும் அழுத்தாது, பக்கத்திலுள்ள சூடேற்றும் பட்டனையும் சேர்த்து அமுக்கும். பெட்டி மறையும், கைபிடிச் சூடும் ஒரு படி குறையும். சூட்டைத் திரும்பக் கூட்டி நிமிர்வதற்குள் பெட்டி மறுபடி வந்து நிற்கும்.

ஏன் இப்படி? ஸ்லெட்டின் தாங்கி சதுரப் பெட்டி இல்லை. முன்பக்கம் கைபிடிக் கம்பத்தை ஒட்டி உயரமாக எழும்பி, பின்னால் இருக்கைக்குக் கீழே தட்டையாக நீளும். உள்ளே இருப்பது ஒரேயொரு மிதவை. அதன் கை ஏறி இறங்கும் உயரம் தாங்கியின் முழு உயரத்துக்கும் வராது. நிரப்பியதும் மிதவை மேலே முட்டிக்கொண்டு நிற்கும். முதல் 6, 7 லீற்றர் போகும்வரை மீற்றரின் எட்டுக் கட்டத்தில் ஒன்றும் அசையாது. பிறகு ஒடுங்கிய பகுதி வடியத் தொடங்க, கட்டங்கள் மளமளவென்று விழும். மிதவை கீழே தட்டி நிற்கும்போது தட்டையான பகுதியில் இன்னும் தாராளமாகக் கிடக்கும், அதை அளக்க ஆள் இல்லை. ஏற்றத்தில் பெற்றோல் பின்னுக்கு ஓட இன்னொரு கட்டம் காணாமல் போகும், இறக்கத்தில் திரும்பி வரும்.

சென்டர் (மிதவையின் உயரத்தை மீற்றருக்குச் சொல்லும் உணரி) பழுது என்றார்கள் திருத்தகத்தில். இந்த மொடலில் சென்டரும் பம்பும் ஒரே தொகுதி, தனித்தனியாக விற்க மாட்டார்கள். இருக்கையைக் கழற்றி, வயர் கிளிப்பையும் பெற்றோல் குழாயையும் விடுவித்து, பெரிய பிளாஸ்ரிக் வளையத்தைத் திருகி எடுத்து, மிதவையின் கை வளையாமல் தொகுதியைச் சாய்த்து வெளியே இழுக்க வேண்டும். புது ரப்பர் வளையம் கட்டாயம். பழையதைப் போட்டால் தாங்கி நிறைந்திருக்கும்போது மணக்கும். வேலைக்கூலியைவிடச் சாமான் விலை இரண்டு மடங்கு. புதியது போட்ட பிறகும் அதே 14 லீற்றரில் கத்துகிறது. ஆகப் பழுது எதுவும் இருக்கவில்லை, கம்பனியிலேயே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பழையதை வெளியே எடுத்ததும் மல்ரிமீற்றரை மாட்டி, மிதவையைக் கையால் மேலும் கீழும் அசைத்து மின்தடை சீராக மாறுகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் புதியதை மாட்டிவிட்டு பில் எழுதினார்கள்.

வெறும் எரிச்சல் என்று விட்டுவிடலாம், ஒரு காரியம் இல்லாவிட்டால். எஞ்சின் கொதித்தாலும் இதே சத்தம்தான், இதே மஞ்சள் பெட்டிதான், உள்ளே எழுத்து மட்டும் வேறு. புலி வருது, புலி வருது என்று நாள் முழுக்கக் கத்தினால், உண்மையான புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பது? நீண்ட பயணத்தில் அந்தப் புலி வரத்தான் செய்யும். ட்ரக் வாரியடிக்கும் பனி, டனலுக்கு (ட்ரக்கை மூடியிருக்கும் உலோகக் கூடு) கீழேயுள்ள சூடாற்றிகளில் பட்டு உருகினால்தான் எஞ்சினின் சூடு தணியும். மழை பெய்து உறைந்த பழைய ரயில் பாதையிலோ வெறும் பனிக்கட்டி ஏரியிலோ வாரியடிக்கத் தளர்ந்த பனி இல்லை. சூடு ஏறும். ஸ்லெட்டிலேயே ட்ரக்குக்குள் இருந்து அதைத் தாங்கும் தண்டவாளங்களின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் பட்டைகளுக்கும் அந்தப் பனிதான் வழுக்கல், அது இல்லாவிட்டால் பட்டை உருகி ட்ரக் கிளிப்பில் ஒட்டும். எரிந்த பிளாஸ்ரிக் மணம் வந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

இதற்கு மருந்து ஸ்கிராச்சர். தண்டவாளத்தின் இரு பக்கமும் பூட்டி, பனிக்கட்டியைச் சுரண்டித் தூளை ட்ரக்குக்குள் எறியும் சின்னக் கொம்பு. உருக்குக் கம்பியில் வருவது றிவேர்ஸ் எடுக்கும்போது மடங்கி முறியும். கேபிளில் வருவது பின்னுக்கும் வளையும், கொஞ்சம் விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள். சூடு ஏறியபின் இறக்காமல், தரை இறுகியிருக்கிறது என்று கண்டவுடனேயே இறக்கிவிட வேண்டும். இந்த ஸ்லெட்டில் நான் திரையை வெப்பநிலைக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுகிறேன். சத்தத்தை நம்புவதில்லை.

மீற்றரை நம்ப முடியாதபோது திட்டத்தை லீற்றரில்தான் போட வேண்டும். சமதரையில் நிறுத்தி, தாங்கிக் கழுத்தின் அடிவிளிம்பு வரை நிரப்பி, ட்ரிப் மீற்றரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த காஸ் ஸ்ரேசனில் அதே விளிம்பு வரை நிரப்பி, பம்ப் காட்டும் லீற்றரைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் உண்மையான குடிப்பு வரும். நல்ல ட்ரெயிலில் ஒருமுறை, புதுப்பனியில் ஒருமுறை, பைகளும் பின்னால் ஆளும் இருக்கும்போது ஒருமுறை எனத் தனித்தனியாக எழுதி வையுங்கள். இந்த ஸ்லெட்டில் முறையே 13, 18, 16 வருகிறது. புதுப்பனி என்றால் குறூமர் ஓடாத 20 சென்ரிமீற்றர் பனி. தாங்கி காயும்வரை ஓடி அளந்து பார்க்கும் யோசனை வேண்டாம், பம்ப் பெற்றோலுக்குள் அமிழ்ந்திருந்துதான் குளிர்கிறது.

திட்டத்துக்கு 16ஐ எடுங்கள். 40இல் 8 லீற்றரை இல்லாததாக வையுங்கள். மிச்சம் 32, அதாவது 200 கிலோமீற்றர். இதுதான் ஒரு பம்புக்கும் அடுத்த பம்புக்கும் இடையிலான உச்ச தூரம், விளம்பரத்தில் போட்டிருக்கும் 300 அல்ல. ஸ்லெட்டின் தூரமானி ட்ரக் சுற்றுவதைத்தான் எண்ணும், ட்ரக் வழுக்கினாலும் எண்ணும். இறுகிய ட்ரெயிலில் ஜிபிஎஸ்ஸைவிட 4, 5 வீதம் கூடக் காட்டும், மென்பனியில் இன்னும் கூட. வரைபடத்தில் தூரம் பார்த்துவிட்டுத் தூரமானியோடு ஒப்பிடுபவர்கள் இதனால் குழம்புவார்கள்.

பலர் மறக்கும் கணக்கு ஒன்று உண்டு. 110 கிலோமீற்றர் துண்டுக்கு 110க்குப் பெற்றோல் போதும் என்று நினைக்கிறார்கள். 90ஆவது கிலோமீற்றரில் பாலம் போயிருந்தால், ஏரியில் நீர் ஏறியிருந்தால், மரம் வெட்டும் டிரக்குகளுக்காகப் பாதை மூடியிருந்தால், அந்த 90ஐயும் திரும்பி வர வேண்டும். அப்போது தேவை 180. ஆகவே மாற்றுப் பாதை இல்லாத துண்டுகளில் 200ஐ இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100க்கு மேற்பட்ட துண்டு என்றால் பின்மேடையில் பூட்டும் 10 லீற்றர் கான் கட்டாயம். கானை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், சூடான அறைக்குள் போனால் பெற்றோல் விரியும். தாங்கியில் இடம் வந்த முதல் தரிப்பிலேயே ஊற்றிவிடுங்கள். பாரம் கீழே போகும், இருட்டில் உறைந்த கையோடு ஊற்றும் வேலையும் இராது.

நண்பரின் பாதைக்கு இது எப்படிப் பொருந்தும்? 11ஆம் நெடுஞ்சாலையில் கொக்ரேனிலிருந்து ஹேர்ஸ்ற் சுமார் 220 கிலோமீற்றர். ட்ரெயில் வளைந்து போவதால் அதைவிடக் கூடும். இடையில் ஸ்மூத் ரொக் ஃபோல்ஸ், கப்பஸ்கேசிங் இருக்கின்றன. கப்பஸ்கேசிங்கிலிருந்து ஹேர்ஸ்ற் வரை வீதியிலேயே 100 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதனால் கப்பஸ்கேசிங்கில் மீற்றர் என்ன காட்டினாலும் நிரப்புங்கள். வடக்கே அபிற்றிபி கன்யன் பக்கம் திரும்பும் எண்ணம் இருந்தால் கான் இல்லாமல் கிளம்பவே வேண்டாம், அந்தப் பக்கம் ஊர்கள் இல்லை. சின்ன ஊர் ஸ்ரேசன்கள் நேரத்தோடு பூட்டும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் நேரத்தோடு. முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் இந்த ட்ரெயில்களைக் கிளப்புகளின் தொண்டர்கள்தான் பார்க்கிறார்கள். மாகாணக் கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் மட்டுப்பட்ட நிலை, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. பச்சை என்பதற்கு இன்று காலை குறூமர் ஓடியது என்று அர்த்தமில்லை. மஞ்சளில் 13 லீற்றர் கணக்கை மறந்துவிட்டு 18ஐ எடுங்கள். கிளம்பும் அன்று காலை மறுபடி பார்த்து, போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுக்காட்டில் சிக்னல் கிடைக்காது, குளிரில் போன் பற்றறியும் விழும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

நேரக் கணக்கும் வேகத்தில் இல்லை. சட்டப்படி ட்ரெயிலில் 50தான், தரிப்புகளோடு சேர்த்தால் மணிக்கு 30, 35 வரும். 250 கிலோமீற்றர் என்றால் முழுதாக எட்டு மணித்தியாலம். ஜனவரியில் ஐந்து மணியளவிலேயே பொழுது சாயும். குறூமர் பெரும்பாலும் இரவில் ஓடி, விடியும்வரை பனி இறுகும். ஆகவே காலையில் கிளம்புபவருக்குத்தான் மேசை போன்ற ட்ரெயில். சனிக்கிழமை பின்னேரம் அதே பாதை குண்டும் குழியுமாக இருக்கும். நாரி வலிக்கும், பெற்றோலும் கூடப் போகும்.

கூட்டமாகப் போனால் இந்த நாலு ஸ்ரோக்கின் சிக்கனம் யாருக்கும் பயன்படாது. கூட வரும் 600 இரண்டு ஸ்ரோக் 18, 20 லீற்றர் குடிக்கும், தாங்கியும் சின்னது. எல்லோருடைய தூரமும் அதன் தூரம்தான். கடைசியில் நாங்கள் அவர்களுக்குக் கான் சுமப்பவர்களாக ஆகிவிடுவோம்.

அப்ப எடுக்கலாமா? வேண்டாம். எஞ்சினுக்கு ஐந்து போட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. இப்படிப்பட்ட எஞ்சினைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு மிதவையை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்பதுதான் ஆத்திரம். பில்லின் சூடு ஆறியபின் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். இன்றைக்கு மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டு.

விலை இன்னும் இறங்கினால் எடுத்தே தீருவேன் என்று நின்றால், காசு கொடுக்குமுன் எச்சரிக்கை அளவை மென்பொருளில் 6 லீற்றருக்கு இறக்கித் தர முடியுமா என்று டீலரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் "ஓம், செய்யலாம்" என்றால் காசை எடுக்க வேண்டாம்.