கம்பஸில் இருந்துகொண்டு டொச் படிக்க 'நிக்கோஸ் வேக்' போதுமா?

மட்டக்களப்பில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிக்க நினைக்கிற பிள்ளைகள் எங்கே படிப்பது என்றுதான் கேட்கிறார்கள், எந்த லெவலில் தொடங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. ஜேர்மன் ஊடக நிறுவனமான டொய்ச்ச வெல்லே இலவசமாக நடத்தும் 'நிக்கோஸ் வேக்' பாடநெறியைப் பற்றிச் சொல்லும்போது இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக எடுப்பேன்.

முதலில் பாடம். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவின்படி ஏ1 (தொடக்கம்), ஏ2 (அடுத்த படி), பி1 (நடுத்தரம்) என்று மூன்று லெவல். நிக்கோ என்ற ஸ்பெயின் நாட்டுப் பெடியன் ஜேர்மனிக்கு வந்து இறங்கி, பையைத் தொலைத்துவிட்டு நிற்கிறான், கதை அங்கிருந்து போகிறது. பாடத்துக்கு ஒரு குட்டி வீடியோ, பிறகு பயிற்சி, சொற்கள், இலக்கணம். வந்தாறுமூலை கம்பஸ் ஹொஸ்டலில் போன் டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிப்பவர்களுக்கு வீடியோ சின்னதாக இருப்பது பெரிய உதவி. விளக்கத்தை நான் ஆங்கிலத்தில் வைத்துப் படித்தேன், ஓ/எல் ஆங்கிலம் தாராளமாகப் போதும்.

அதே தளத்தில் உங்கள் லெவலைச் சொல்கிற தேர்வும் இருக்கிறது, அதுவும் இலவசம். நல்ல தேர்வுதான், ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் அதன் முடிவை அப்படியே நம்பி இறங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. டொச்சிலும் வருகிற இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை, காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் எங்களுக்குப் புதிதில்லை. அதனால் திரையில் விடையைத் தட்டுகிற தேர்வில் கொஞ்சம் படித்த பிள்ளையே நன்றாகச் செய்துவிடும். ஆனால் மேசை ஆண்பால், சிறுமி என்ற சொல் அஃறிணை போல நடுப்பால் என்கிற மொழியில் வாய் திறந்து ஒரு வசனம் பேசும்போதுதான் உண்மையான லெவல் தெரியும், ஏனென்றால் அந்தப் பாலைப் பொறுத்துத்தான் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கில 'the' போன்ற சொல்லும் வேற்றுமைக்கு வேற்றுமை மாறுகிறது. தேர்வு ஏ2 என்று காட்டினாலும் ஏ1இன் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த பாடம் என்றால் வேகமாகப் போய்விடும், நட்டமில்லை.

என் பட்ச் பிள்ளை ஒருத்தியை ஒரு தனியார் வகுப்பில் எதையும் கேட்டுப் பார்க்காமல் ஏ2 கூட்டத்தோடு இருத்திவிட்டார்கள், காசும் முழுதாக வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பேசுவது புரியாமல் வாயே திறக்காமல் இருந்து, கடைசியில் டொச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கெட்டிக்காரி. லெவல் பிழைத்ததுதான் பிரச்சினை, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. சேருவதற்கு முன் பத்து நிமிடமாவது உங்களைப் பேச வைத்துப் பார்க்காத வகுப்பில் காசு கட்டாதீர்கள்.

'நிக்கோஸ் வேக்'கின் குறை இரண்டு. ஒன்று, பி1உடன் நின்றுவிடுகிறது. ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் டொச்சிலேயே பட்டப்படிப்புப் படிக்கப் பெரும்பாலும் சி1 என்ற உயர்நிலை அளவு கேட்பார்கள், எனவே இது பாதிவழி மட்டும்தான். ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸுக்குப் போகிறவர்களுக்கு அன்றாட வாழ்க்கைக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். மற்றது, உங்கள் பேச்சைத் திருத்த ஆள் இல்லை. டொச் பரீட்சைகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ1 பரீட்சையில் பேச்சுப் பகுதி குழுவாக நடக்கிறது, தன்னை அறிமுகம் செய்ய வேண்டும், அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், ஒரு பொருளைத் தரச்சொல்லிக் கேட்க வேண்டும். இதைத் தனியாகப் பழகவே முடியாது. ஹொஸ்டலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பாடத்தைப் பார்த்துவிட்டு, போனை மூடிவைத்து ஒருவரையொருவர் கேள்வி கேளுங்கள். சுவிஸிலோ ஜேர்மனியிலோ மாமா, சித்தி யாராவது இருந்தால் கிழமைக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் டொச்சில் மட்டும் கதைக்கச் சொல்லுங்கள், சுவிஸில் உள்ளவர்களிடம் அங்குள்ள பேச்சு வழக்கை விட்டுப் பொது டொச்சில் கதைக்கும்படி முதலே சொல்லிவையுங்கள்.