குறுக்குக் காற்றில் ஒரு பாண்டூன் டிரெய்லர்: பக்கப் பலகைகள் அருமை, வின்ச் சுமார்

மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் கொண்ட பாண்டூன் படகுகளுக்கான டிரெய்லர் விளம்பரங்களில் தண்ணீர் எப்போதும் கண்ணாடி போல் அசைவற்றுக் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் எந்த டிரெய்லரும் நல்ல டிரெய்லர்தான். ஆகவே, 22 அடிப் படகு ஒன்றுக்காக நான் பயன்படுத்திவரும் இந்த இரட்டை அச்சு டிரெய்லரைப் பற்றி எழுதும்போது, பக்கவாட்டில் காற்று வீசுகையிலும், படகை நீரில் இறக்கி ஏற்றும் சாய்தளத்தின் குறுக்கே நீரோட்டம் ஓடுகையிலும், மற்றப் படகுகள் எழுப்பும் அலை வந்து மோதுகையிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறேன். அந்த வகையில் இதன் பின்பகுதி மிகுந்த அக்கறையோடும், முன்பகுதி ஏனோதானோவென்றும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் நான்கு தாங்குபலகைகள் உள்ளன. படகின் அலுமினிய மிதவைக் குழாய் ஒவ்வொன்றும் இரண்டு பலகைகளுக்கு நடுவே அமர்கிறது. பின்கோடியில் இருபுறமும் உயரமான வெள்ளைக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றுக்குச் சற்று முன்னால், படகுத் தளத்தின் விளிம்பு வரும் உயரத்தில், கார்பெட் சுற்றிய பக்கப் பலகைகள் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பொருத்தப்பட்டுள்ளன. மிதவைகளுக்கு நடுவே நுழைந்து தளத்தைத் தூக்கிச் செல்லும் கத்தரி வகை டிரெய்லர் இதைவிட மலிவு என்றாலும், அதன் சக்கர அகலம் குறைவு, படகு நிற்கும் உயரம் அதிகம். நீண்ட தூரம் சாலையில் இழுப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பாண்டூன் படகை ஏற்றுவது ஏன் இவ்வளவு சிரமம் என்பது புரிந்தால்தான் இந்தப் பக்கப் பலகைகளின் அருமை புரியும். சாதாரணப் படகின் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக இறங்கி அதைப் பிடித்துவைக்கும். பாண்டூனோ நீரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர் முழுவதும் காற்றுக்குப் பாய்மரம். 22 அடி நீளமும் 3 அடி உயரமும் கொண்ட பக்கச் சுவர் என்றால் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதை சுமார் 7 கிலோ விசையுடன் தள்ளும். வேகம் 30 கிலோமீட்டரானால், காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது கிட்டத்தட்ட 30 கிலோவாக உயர்ந்துவிடும். நிழற்கூரையை மடக்காமல் வந்தால் இன்னும் கூடும். இதற்கிடையில் படகின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார் நியூட்ரலில் இருக்கும்வரை ஸ்டியரிங்கைத் திருப்புவதில் பலன் இல்லை, ஏனெனில் படகின் திசையை மாற்றுவது புரொப்பெல்லர் தள்ளும் நீர்தான். மெதுவாக வர வேண்டிய இடத்தில் மெதுவாக வந்தால் திசை கைவிட்டுப் போகிறது என்பதே இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல்.

உயரமான கம்பங்கள் மட்டும் உள்ள டிரெய்லரில் என்ன நடக்கும் என்று பாருங்கள். டிரெய்லர் நீருக்கடியில் எங்கே இருக்கிறது என்பதைக் கம்பங்கள் காட்டும். படகைத் தடுத்து நிறுத்தும் வேலைக்கு அவை போதா. காற்று தள்ளும் பக்கத்துக் கம்பத்தில் படகு ஒரே புள்ளியில் சாய்கிறது. அந்தப் புள்ளியை அச்சாக வைத்து முன்பகுதி ஒருபுறமும் பின்பகுதி மறுபுறமும் திரும்புகின்றன. மிதவைக் குழாய் இரண்டு தாங்குபலகைகளுக்கு நடுவே விழாமல் ஒரு பலகையின் மேலேயே ஏறி உட்காருவது பெரும்பாலும் இப்படித்தான். பிறகு படகைப் பின்னுக்குத் தள்ளி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் சாய்தளத்தில் வரிசை நீண்டுவிடும்.

ஒன்றரை மீட்டர் நீளப் பலகை இந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. படகின் விளிம்பு அதன் நீளம் முழுவதும் படிந்து உரசிக்கொண்டு நகர்வதால், திரும்புவதற்கு அச்சுப்புள்ளியே கிடைப்பதில்லை. பலத்த காற்றில் ஏற்றும்போது அருகிலிருந்து கவனித்தால் இது நன்றாகத் தெரியும்: காற்று தள்ளும் பக்கத்துப் பலகை முனகிக்கொண்டே வெளிப்புறமாகச் சிறிது வளைகிறது, நனைந்த கார்பெட்டிலிருந்து தண்ணீர் பிழியப்பட்டு வழிகிறது, எதிர்ப்பக்கத்தில் இரண்டு விரற்கடை அளவுக்கு இடைவெளி விழுகிறது; ஆனாலும் படகு நேராகவே முன்னேறுகிறது. பலகையைத் தாங்கும் செங்குத்துக் குழாய் சட்டத்துடன் இரட்டை யு-போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். மலிவான துணைப்பொருள் கடைச் சரக்கில் ஒற்றை போல்ட் போட்டிருப்பார்கள். இரண்டு முறை அழுத்தம் வாங்கினால் அது திரும்பிவிடும். இடைவெளியைப் படகின் அகலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 சென்டிமீட்டர் விட்டால் போதும். தாராளமாக விட்டால் பலகை இருந்தும் இல்லாதது போலாகிவிடும்.

டிரெய்லரை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்பதில் இந்தப் பலகைகளால் ஓர் ஏமாற்றும் நம்பிக்கை பிறக்கிறது. ஆழமாக இறக்கினால் படகு சுலபமாக உள்ளே வருவது உண்மைதான். ஆனால் தாங்குபலகைகளைத் தொடாமல் மிதந்துகொண்டே இருக்கும், பின்கோடி அலையோடு ஆடிக்கொண்டே இருக்கும். காற்றோ நீரோட்டமோ உள்ள நாளில், வழக்கத்தைவிடச் சற்று மேலே நிறுத்துவதே சரி. மட்கார்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டியும், தாங்குபலகைகளின் முன் மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியேயும் இருந்தால், முன்பகுதி சீக்கிரம் பலகையில் பதிந்து படகைப் பிடித்துக்கொள்கிறது. செங்குத்தான சாய்தளத்தில் பின்கோடி அதிகம் மூழ்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டியிருக்கும். முதலில் ஒருமுறை முழுவதும் இறக்கிக் கார்பெட்டை நனைத்துவிட்டு, அதன்பின் இந்த நிலைக்குக் கொண்டுவருவது நல்லது. நீரோட்டம் பலமாக இருந்தால், நீர் வரும் பக்கத்துப் பின்மூலையில் ஒரு கயிற்றைக் கட்டி கரையோரப் படகு மேடையில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பலகைகள் முடியும் இடத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை எந்த டிரெய்லரும் பிடித்துக்கொள்ளாது.

இனி முன்பகுதி. படகை டிரெய்லருக்குள் பட்டையால் இழுக்கும் கைச்சுற்றுக் கருவியான வின்ச் பொருத்தப்பட்டுள்ள தூண் தேவையான உயரத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. பட்டை, படகின் முன்வளையத்தை நோக்கிக் கிடைமட்டமாகச் செல்லாமல் கீழிருந்து மேலாகச் செல்வதால், கைப்பிடியைச் சுற்றும்போது படகு முன்னால் வருவதற்குப் பதிலாகத் தாங்குபலகையின் மேல் அழுந்துகிறது. உராய்வு கூடுகிறது, கை சோர்கிறது. வின்ச்சும் ஒற்றை வேகத்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகின் கடைசி அரை மீட்டரை இழுக்க அது திணறுகிறது. இதைவிடக் கவலை தருவது பல்சக்கரத்தைத் தடுக்கும் நாக்குத் தகட்டின் ஸ்பிரிங். அது வலுவற்றது. படகு அலையில் ஒரு தூக்குத் தூக்கிப் பட்டை வெடுக்கென்று இழுபடும்போது நாக்கு பல்லை விட்டு எழும்பியதை நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடி கட்டுப்பாடின்றிச் சுழன்றால் மணிக்கட்டு உடையும். இரட்டை வேக வின்ச்சை மாற்றிப் பொருத்தி, தூணையும் உயர்த்திய பிறகுதான் நிம்மதியாக இருக்கிறது. இந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வின்ச் சரியில்லை என்பதற்காக மோட்டாரின் வேகத்தைக் கூட்டிப் படகை மேலே ஏற்றும் பழக்கத்துக்குப் போக வேண்டாம். புரொப்பெல்லர் வீசும் நீர் சாய்தளத்தின் முடிவில் மண்ணைப் பறித்துக் குழியாக்கி, சற்றுத் தள்ளி மேடாகக் குவிக்கிறது. நீர்மட்டம் குறைந்த பருவத்தில் அடுத்தவர் டிரெய்லரின் சக்கரம் அந்தக் குழியில் இறங்கும். பல பொதுப் படகுத்துறைகளில் இதற்குத் தடையே உண்டு.

மற்றவை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீர்புகாத எல்.இ.டி. விளக்குகள் குறையில்லாமல் எரிகின்றன. சக்கர பேரிங்குகளில் வெளியிலிருந்தே கிரீஸ் ஏற்றும் மூடி உள்ளது; சூடான பேரிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பதால் இது அவசியமான வசதிதான். பொருத்தும் முறையை விளக்கும் கையேடு ஒரேயொரு மங்கலான படம். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டால் அதே படத்தைத் திரும்ப அனுப்புகிறார்கள்.

காற்று மறைவான படகுத்துறையில் மட்டுமே படகு இறக்குபவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை, கம்பங்கள் மட்டும் உள்ள எளிய டிரெய்லரே போதும். திறந்த ஏரியிலோ ஆற்றுத்துறையிலோ தனியாகவோ ஒரே ஒரு துணையுடனோ ஏற்றுபவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே வின்ச்சை மாற்றித் தரச் சொல்லுங்கள், தூணின் உயரத்தைக் கடை வாசலிலேயே உங்கள் படகின் முன்வளையத்துக்கு அளந்து பொருத்தச் சொல்லுங்கள், முதல் சில பயணங்களுக்குப் பின் பக்கப் பலகைகளின் யு-போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். தொடக்கத்தில் வாங்கும் அழுத்தத்தில் அவை சற்றுத் தளரலாம்.