சோலா, கோஹாவா? நூலக மென்பொருளை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

நூலகச் சேவையைப் புதுப்பிக்கக் கோப்பு திறந்த மறுநாளே மென்பொருள் வாதம் ஆரம்பித்துவிடும். நம் பல்கலைக்கழகங்களிலும் பெரிய கல்லூரிகளிலும் கடைசியில் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு பெயர்கள். ஒன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் தரும் சோல். இன்னொன்று, நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளான கோஹா. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி-யின் இ-கிரந்தாலயாவையும் சிலர் எடுத்துப் பேசுவார்கள். அது அரசுத் துறை நூலகங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

சோலும் கோஹாவும் ஒரே வயது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000 ஜனவரியில் கோஹா ஓடத் தொடங்கியது. சோலின் முதல் பதிப்பும் அதே ஆண்டு வந்ததுதான். 2.0 பதிப்பு 2009-இலும் 3.0 பதிப்பு 2021-இலும் வந்தன. மார்க் 21 (நூல் விவரத்தைப் பதியும் வடிவம்), யூனிகோடு, பார்கோடு, இணைய ஓபேக் (வாசகர்கள் தேடும் பட்டியல்), பருவ இதழ்ப் பதிவு, ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலை வில்லை) கருவிகளோடு பேச சிப்-2 என டெண்டரில் டிக் அடிக்கிற கட்டங்களில் இரண்டும் பாஸ். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்குத் தரும் தன்னறிக்கையில் நூலகத் தானியக்கம் பற்றிக் கேட்கும் இடத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் மதிப்பெண் ஒன்றுதான். அதனால் அம்சப் பட்டியலை வைத்து முடிவெடுக்க முயன்றால் கூட்டம்தான் நீளும்.

இந்த அலசல் கோஹா பக்கம் சாய்கிறது. இலவசம் என்பதற்காக அப்படிச் சாயவில்லை. கோஹாவுக்கு உரிமக் கட்டணம் கிடையாது, உண்மைதான். ஆனால் சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள ஆள், தரவு மாற்றும் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் முதல் ஆண்டில் சோலைவிட அதிகமாகவே ஆகலாம். சாய்வுக்குக் காரணம் பராமரிப்பு. கோஹாவை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணமும் அதேதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு யார் கையில்

சோல் விண்டோஸில் ஓடுவது. சர்வர் ஒன்றில் தரவுத்தளம், ஒவ்வொரு கவுன்டர் கணினியிலும் தனியாக நிறுவிய நிரல். விண்டோஸ் தெரிந்த எவரும் தொட்டுப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் இன்ஃப்லிப்நெட்டைக் கேட்கலாம். கோஹா டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் ஓடும். கவுன்டரில் பிரவுசர் இருந்தால் போதும், பத்துக் கணினிக்கு ஏறி இறங்கி நிறுவும் வேலை இல்லை. அந்தச் சுகத்துக்கான விலையைச் சர்வர் அறையில் கொடுக்க வேண்டும்.

கோஹாவின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வருகிறது. ஆண்டையும் மாதத்தையும் சேர்த்ததே பதிப்பு எண்: 24.11 என்றால் 2024 நவம்பர். லினக்ஸ் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் தொகுப்புக் களஞ்சியத்தில் ‘ஸ்டேபிள்’ என்று குறிப்பிட்டு நிறுவியிருந்தால், வேறு எதற்காகவோ ஒருவர் கொடுத்த அப்கிரேடு கட்டளை கோஹாவையும் அடுத்த பதிப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அது நடப்பது பெரும்பாலும் பகல் 11 மணிக்கு, கவுன்டரில் வரிசை நிற்கும்போதுதான். பதிப்பு ஏறினால் இறங்க வழியில்லை. தரவுத்தளத்தின் அமைப்பே மாறிவிடும், பழைய நகலிலிருந்து மீட்டால்தான் உண்டு. ஆகவே களஞ்சிய வரியில் ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு 24.11 போன்ற எண்ணையே எழுதி வையுங்கள், கோஹா தொகுப்பு தானாக ஏறாமலிருக்க ‘ஹோல்டு’ போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, செமஸ்டர் விடுமுறையில், முதலில் சோதனைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஏற்றுவது போதும்.

பதிப்பு ஏறும்போது உடைவது பெரும்பாலும் நாமே ஒட்டுப்போட்ட இடங்கள்தான். ஓபேக்கை அழகுபடுத்த டெம்ப்ளேட் கோப்புக்குள் நேரடியாகக் கை வைத்திருந்தால் அது அழிந்துவிடும். அந்த மாற்றங்களை அமைப்புப் பக்கத்தில் அதற்கென்று உள்ள பெட்டிகளில்தான் எழுத வேண்டும். ஆண்டறிக்கைக்காக எழுதி வைத்த எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) அறிக்கைகளும் சில சமயம் காலை வாரும். 17.05 பதிப்பில் மார்க் பதிவுகளை வேறு அட்டவணைக்கு மாற்றினார்கள். அதை நம்பியிருந்த பழைய அறிக்கைகள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டன.

காப்பு நகலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோஹாவை டெபியன் தொகுப்பாக நிறுவினால் தினமும் தானாக நகல் எடுக்கும். இரண்டு கோப்புகள்: ஒன்றில் தரவு, இன்னொன்றில் அமைப்பு விவரம். ஆனால் இயல்பு நிலையில் அது இரண்டு நாள் நகலைத்தான் வைத்துக்கொள்ளும், அதையும் அதே வட்டில் வைக்கும். திங்கட்கிழமை ஒருவர் தவறுதலாக ஆயிரம் பிரதிகளை மொத்தமாக நீக்குகிறார். அது வெள்ளிக்கிழமை தெரிய வருகிறது. கையில் இருக்கும் இரண்டு நகலிலும் அந்த ஆயிரம் இல்லை. நாள் எண்ணிக்கையை 14 ஆக்குங்கள். இரவில் அந்த இரு கோப்புகளும் வேறு கட்டடத்தில் உள்ள கணினிக்குப் போகும்படி செய்யுங்கள். செமஸ்டருக்கு ஒருமுறை பழைய டெஸ்க்டாப் ஒன்றில் அதே பதிப்பைப் போட்டு நகலை மீட்டுப் பாருங்கள். அலமாரியிலிருந்து ஐந்து புத்தகம் எடுத்து அதில் தேடினால் கிடைக்க வேண்டும், முந்தைய நாள் கடைசியாக இஷ்யூ ஆன புத்தகமும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் செய்ய நிரந்தர லினக்ஸ் ஆள் வேண்டுமா? அவசியமில்லை. வெளி நிறுவனத்துக்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வரின் ரூட் கடவுச்சொல்லும் கோஹாவில் முழு அதிகாரமுள்ள சூப்பர் நூலகர் கணக்கும் நூலகத்திடம் இருக்கும். தினசரி நகல் வளாகத்துக்குள்ளேயே வந்து சேரும். ஓபேக் முகவரி பல்கலைக்கழகத்தின் டொமைனில் இருக்கும். ஒப்பந்தம் முடியும்போது எஸ்க்யூஎல் நகலும், மார்க் பதிவுகளை வேறு மென்பொருளுக்கு எடுத்துச்செல்லும் ஐஎஸ்ஓ 2709 கோப்பும் கட்டணமின்றித் தரப்படும். இந்த நான்கும் இருந்தால் அந்த நிறுவனம் சரியில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம், கோஹா அப்படியே இருக்கும். ஆள் மாறினாலும் மென்பொருள் மாற வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் சாய்வின் மொத்தக் காரணம். சோலைப் பொறுத்தவரை அதை உருவாக்குபவரும் பராமரிப்பவரும் ஒருவரே. அவர் நல்லவராக இருக்கும்வரை குறையில்லை, ஆனால் இன்னொரு கடை கிடையாது.

மென்பொருளைவிடப் பெரிய வேலை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் திட்டக் காலத்தைத் தின்பது தரவுதான். 60,000 புத்தகம் உள்ள நூலகம் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியிலிருந்து எடுத்து, அக்செஷன் எண்ணை (ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்) பதிவேட்டோடு ஒப்பிட்டு, பார்கோடு ஒட்டி, திரும்ப வைக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 புத்தகம் என்பது நியாயமான கணக்கு. நான்கு பேர் போட்டால் 60 வேலை நாள், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம். திட்ட அறிக்கையில் இதற்கு ‘இரண்டு வாரம்’ என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை எழுதியவர் அலமாரிப் பக்கம் போனதில்லை.

சரிபார்ப்பில் காணாமல் போன புத்தகங்களின் பதிவை அழித்துவிடாதீர்கள். தணிக்கையில் பதிவேட்டு எண்ணிக்கையும் கணினி எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ‘காணவில்லை’ என்ற நிலையோடு ஏற்றிவிட்டு, ரைட்-ஆஃப் ஆணை வந்த பிறகு நிலையை மாற்றலாம்.

சோலிலிருந்து கோஹாவுக்குப் போகும்போது நூல் விவரம் மார்க் கோப்பாக வந்துவிடும். சிக்கல் பிரதி விவரத்தில்தான். கோஹா அதை 952 என்ற தன் சொந்தப் புலத்தில் எதிர்பார்க்கிறது: பார்கோடு, விலை, வாங்கிய தேதி, வகை எண், எந்தக் கிளை எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலும் எக்ஸெலில் எடுத்து மார்க்எடிட் என்ற கருவி வழியாக அந்தப் புலத்துக்கு மாற்றுவார்கள். இங்கே மூன்று கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். 13 இலக்க ஐஎஸ்பிஎன்-ஐ எக்ஸெல் பெரிய எண்ணாக நினைத்து 9.78 பெருக்கல் பத்தின் 12-ஆம் அடுக்கு என்று சுருக்கிவிடும். அப்படியே சிஎஸ்வி-யாகச் சேமித்தால் மீதி இலக்கம் போனது போனதுதான், ஆகவே கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை எழுத்தாக வைக்க வேண்டும். அடுத்தது தேதி: 03/04/2011 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று கணினிக்குத் தெரியாது, ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மூன்றாவதுதான் பெரியது. எக்ஸெலில் ஒரு வரிக்கு ஒரு பிரதி இருக்கும். அப்படியே ஏற்றினால் 40 பிரதி வாங்கிய ஒரு பாடநூல், ஓபேக்கில் 40 தனி நூலாக வந்து நிற்கும். ஏற்றிய பிறகு ஒன்றுசேர்ப்பது நரகம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு நான்கும் ஒன்றாக உள்ள வரிகளை முன்கூட்டியே ஒரே பதிவாக்கி, அதற்குள் 40 முறை 952 வரும்படி செய்ய வேண்டும்.

முதலில் 500 பதிவு மட்டும் ஏற்றி, சரிபார்த்து, தூக்கியெறிந்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பார்கோடாகப் பயன்படுத்தும் அக்செஷன் எண் இரண்டு புத்தகத்துக்கு ஒன்றாக இருந்தால் கோஹா இரண்டாவது பிரதியை ஏற்றுக்கொள்ளாது. நூல் பதிவு வந்திருக்கும், பிரதி இருக்காது. அதனால் ஏற்றி முடித்ததும் பிரதியே இல்லாத பதிவுகளைத் தேடும் ஓர் அறிக்கை ஓட்டுவது கட்டாயம்.

தமிழ்ப் பதிவுகள்

பழைய தமிழ்ப் பதிவுகள் எழுத்துரு சார்ந்த முறையில் அடிக்கப்பட்டிருந்தால் தனி வேலை இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கும். திரையில் அந்த எழுத்துரு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருப்பதால் ‘கொ’, ‘கோ’ வரும் சொற்கள்தான் மாற்றும்போது முதலில் சிதையும். அதே நெடுவரிசையில் ஆங்கிலத் தலைப்புகளும் கலந்திருந்தால் அவையும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும், மொழிவாரியாகப் பிரித்துவிட்டுத்தான் மாற்றியை ஓட்ட வேண்டும். கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியை நிறுவும்போதே யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ அட்டவணைமுறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பிறகு மாற்றினால் முழு அட்டவணையையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

தமிழ்த் தேடலில் சோல் 3.0 எப்படி என்று பெரிய சேகரிப்பில் வைத்து ஒப்பிடும் அளவுக்கு எங்களுக்குப் பழக்கம் போதாது. அந்த இடத்தில் தீர்ப்பு சொல்லவில்லை.

மாறும் நாள்

இரண்டு மென்பொருளையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம் என்று குழுவில் ஒருவராவது சொல்வார். வேண்டாம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான். வரிசை நீண்டால் கவுன்டர் ஊழியர் ஒன்றில் மட்டும் பதிவார், எந்தப் புத்தகம் எதில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தேர்வு முடிந்து நோ ட்யூ சான்றிதழ் வாங்கும் மே மாதமே சரியான நேரம், வெளியே இருக்கும் புத்தகங்கள் அப்போதுதான் மிகக் குறைவு. ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள் கையில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, புதிய கெடுதேதி போட்டுக் கையாலேயே இஷ்யூ செய்துவிடலாம்.

கோஹாவில் மின்னஞ்சல் அனுப்புவதைத் தனிக் கட்டளை கொடுத்துத்தான் இயக்க வேண்டும். அதை முதல் வாரம் இயக்காதீர்கள். கெடுதேதி தவறாக ஏறியிருந்தால் ஒரே இரவில் வளாகம் முழுக்க ‘புத்தகம் தாமதம்’ என்று கடிதம் போய்விடும், மறுநாள் துறைத்தலைவர்கள் எல்லாம் நூலகத்தில்தான் இருப்பார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைகளை நாட்காட்டியில் ஏற்றிய பிறகே அபராதக் கணக்கையும் இயக்குங்கள்.

ஆர்எஃப்ஐடி-யை இதே டெண்டரில் சேர்க்க ஆசை வரும். ஓராண்டு தள்ளிப் போடுங்கள். வில்லையில் எழுதப்படுவது பார்கோடு எண்தான். அந்த எண் கணினியில் தவறாக இருந்தால் 60,000 வில்லையிலும் தவறையே எழுதுவோம்.

சோல் யாருக்கு

15,000 புத்தகம், ஒரே நூலகர், ஓர் உதவியாளர், வளாகத்தில் லினக்ஸ் தெரிந்தவர் யாருமில்லை, ஆண்டு ஒப்பந்தத்துக்கு நிதியும் இல்லை. இப்படிப்பட்ட கல்லூரிக்குக் கோஹாவைப் பரிந்துரைப்பது அநியாயம். நிறுவிக் கொடுத்த ஆள் போன இரண்டாம் ஆண்டு சர்வர் நின்றுவிடும், தொடக்கூட யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே சோல்தான் சரி. ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் மட்டும் மார்க் ஏற்றுமதிக் கோப்பு ஒன்று, பிரதி விவர எக்ஸெல் ஒன்று, உறுப்பினர் பட்டியல் ஒன்று என மூன்றையும் எடுத்து, அக்செஷன் பதிவேடு இருக்கும் அதே பீரோவில் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள்.